மேற்கட்டியின் முன்தடி

முல்லைத்தீவு
24.06.2025

அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். பாரிசில் நீயும் உன்னைக் கட்டப்போகிற றஜித் தம்பியும் நல்ல சுகத்தோடு இருக்க மன்றாடுகிறோம், இங்கே நாங்களும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர, அது மழைக்கும் வலிக்கிறது வெயிலுக்கும் வலிக்கிறது, கோயிலுக்குப் போகும்போது மட்டும் வலிப்பதில்லை. வெள்ளை நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. கடல் பரவாயில்லை. நீ கேட்ட ஞானஸ்நானப் பத்திரம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, பாதரின் கையெழுத்தும் கோயில் முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று முதலில் பார், பிறகு இதை வாசி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் ஓம் அப்பா ஓம் அப்பா என்று நீ கதையை முடித்துவிடுகிறாய், கடிதத்தில் அதற்கு வழியில்லை.

சித்திரையில் நீ போன் எடுத்து ஓகஸ்ட் பதினாறாம் திகதிக்கு ஹோல் புக் பண்ணியாச்சு, சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, வீடியோக்காரனுக்கும் சொல்லியாச்சு, இனிக் கோயிலுக்குத்தான் ஞானஸ்நானப் பத்திரம் வேணுமாம், கிடைக்காட்டி கலியாண எழுத்தை மட்டும் பதிஞ்சு வைப்பம், கோயிலைப் பிறகு பாப்பம் என்றாய். ஆண்டவரை வீடியோக்காரனுக்கும் பின்னுக்கு வைத்துவிட்டாயே பிள்ளை என்று ஏசுவதற்கு வாய் வரை வந்தது. ஏசவில்லை. ஏன் ஏசவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு கடதாசி எடுத்திருக்கிறேன்.

எங்கள் கோயிலின் பழைய பதிவுப் புத்தகங்களில் பாதியைச் சுனாமி கொண்டு போனது, மிச்சம் சண்டையோடு போனது, உன் ஞானஸ்நானம் எந்தப் பாதியில் இருந்ததோ தெரியாது, எப்படியும் இப்போது இல்லை. புதுப் பாதர் இளம் ஆள், ஆனால் விசயம் தெரிந்தவர். தாய் தகப்பன் அல்லாத ஒரு சாட்சி வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னால் அதை வைத்துப் பத்திரம் எழுதலாம், ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ இருந்தால் மிகவும் நல்லது என்றார். உன் ஞானத்தாய் சண்டையில் போய்விட்டா. ஞானத்தகப்பன் யாகப்பு மாமா, அம்மாவின் மூத்த தமையன், எங்களிலிருந்து நாலாவது வளவில் கல்லுப்போல் இருக்கிறார். நான் பாதரிடம் அவருக்குக் காது கேளாது என்றேன். தான் நேற்று றோட்டில் நின்று கடல் எப்படி என்று மெதுவாகக் கேட்டதற்கு அவர் வேலிக்கு உள்ளேயிருந்து மறுமொழி சொன்னாரே என்றார் பாதர். ஞாபகமும் குறைவு என்றேன். பாதர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

நானும் மாமாவும் எட்டு வருசமாகக் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வள்ளத்து இஞ்சின் விசயம் என்று சொல்லியிருந்தேன். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. நீ வவுனியாவில் விடுதியில் நின்று படித்த காலம், நற்கருணைப் பவனியன்று நடந்தது. பாதர் நற்கருணையை ஏந்தி நடந்து வர அவருக்கு மேலே பட்டு மேற்கட்டியை நாலு பேர் நாலு தடியில் பிடித்து வருவார்கள், நீ சின்னனில் பூப் போட்டுக்கொண்டு முன்னால் போயிருக்கிறாய். வலப்பக்கத்து முன்தடி என் ஐயா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குரியது. அந்த வருசம் மாமா கோயில் மூப்பராக வந்திருந்தார், முன்தடி மூப்பருக்குத்தான் என்றார். இரண்டு பேரும் ஒரே தடியைப் பிடித்தோம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை, மற்ற மூன்று தடிக்காரரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அப்போது இருந்த வயதான பாதர் நற்கருணையை விட்டுக் கண் எடுக்காதவர், அவர் தன்பாட்டில் நடந்து போய்விட்டார், சனமும் பாடிக்கொண்டு அவரோடு போய்விட்டது. ஆண்டவர் வெயிலில் போனார். நாங்கள் நிழலில் நின்று சண்டை பிடித்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு பூசை தவறவிடவில்லை, அதைச் சொல்லவேண்டும். அவர் இடப்பக்கம் இருந்தார், நான் வலப்பக்கம் இருந்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிடுகிற நேரம் நான் தூணைப் பார்த்துக் கும்பிட்டேன். எட்டு வருசத்தில் அந்தத் தூணோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. அம்மா மட்டும் கறிச்சட்டியோடு இரண்டு வீட்டுக்கும் நடந்தா, முழங்கால் அதில் போனதுதான் என்று சொல்கிறா.

மூன்று கிழமை சாட்சி தேடித் திரிந்தேன். அந்தக் காலத்துச் சனத்தில் பாதி வெளிநாட்டில், மீதி சேமக்காலையில். பத்திரம் இல்லாவிட்டால் நீ கோயில் இல்லாமல் கலியாணம் முடிப்பாய், உனக்கு என் குணம், சொன்னால் செய்வாய். கோயிலைப் பிறகு பாப்பம் என்று நீ சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. அதை நீ என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாய் என்று ஒரு நாள் வலை இழுக்கும்போது விளங்கியது, கரைக்கு வந்ததும் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். 'இருங்கோ' என்று கதிரையைத் தள்ளி வைத்தார். எங்கள் கரையில் மீன்பிடிப் பரிசோதகர் ஆரும் வந்தால்தான் இருங்கோ என்பது, மச்சானுக்கு மச்சான் சொல்வதில்லை. அவர் என்னை ஏசியிருந்தாலும் அப்படிச் சுட்டிருக்காது. விசயத்தைச் சொன்னேன். ஊசியை வலையில் செருகிவிட்டு எழும்பிக் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார், பிள்ளையின் விசயத்துக்கு வர ஏன் மூன்று கிழமை என்று கேட்டார். மூன்று கிழமை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன், பிறகு கறிச்சட்டி நினைவுக்கு வந்தது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகக் கோயிலுக்குப் போனோம். மாமா வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லச் சொல்லப் பாதர் எழுதினார். தான்தான் பிள்ளையைத் தூக்கி நின்றது என்றார், தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை அழவில்லை, அந்தக் காலத்துப் பாதரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது என்றார். தகப்பனும் நின்றாரோ என்று பாதர் சும்மா ஒரு கதைக்குக் கேட்டார். மாமா வாயைத் திறந்தார், மூடினார். உன் ஞானஸ்நானத்தன்று நான் பால்மா வாங்கப் போய் வழியில் சைக்கிள் ரயர் வெடித்து நின்றுவிட்டேன் என்ற கதை உனக்குத் தெரியும், கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறாய். அந்தக் கதையை அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று அம்மாவுக்கும் ஊருக்கும் சொன்னவர் மாமாதான். இப்போது கை வேதப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். 'நான் கடலுக்குப் போனனான், பாதர்' என்று நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் கரையில் ஒருவரும் வள்ளம் தள்ளுவதில்லை, உனக்குத் தெரியும். இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், முதல்நாள் ஒரு போத்தல் கிடைத்திருந்தது, பாரை மீன் ஓடுகிறது என்று கதை வந்தது, பூசைக்கு முன் திரும்பிவிடலாம் என்று போனேன். பாரை கிடைத்தது, பக்கத்துக் கரையில் கொடுத்துப் பால்மாவும் வாங்கினேன். ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாதர், படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்.

வீட்டுப் படலையைத் திறந்துகொண்டே அம்மா, தான் அந்த ரயர் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கேட்டா. அன்றிலிருந்து எங்கள் குசினிக்குள் பாரை வருவதில்லை. எனக்குச் சுடுவது அதுவல்ல, பிள்ளை. தடியைப் பிடித்து இழுத்த அன்று ஊர் முழுக்கப் பார்த்து நின்றது, சொந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை விட்டு மீனுக்குப் போனவனுக்கு ஆண்டவரின் முன்தடியோ என்று மாமா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை. எட்டு வருசமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு நற்கருணைப் பவனி. பாதர் எங்கள் இரண்டு பேரையும் மேற்கட்டிக்குக் கூப்பிட்டார். முன்தடியை மச்சான் பிடிக்கட்டும் என்று நான் பின்னுக்குப் போனேன். எமில் பிடிக்கட்டும் என்று அவரும் பின்னுக்கு வந்தார். நான் அவரை முன்னுக்குத் தள்ள அவர் என்னை முன்னுக்குத் தள்ள, நிமிர்ந்து பார்த்தால் பாதர் நற்கருணையோடு வேப்பமரத்தையும் தாண்டிவிட்டார். ஆண்டவர் இந்த முறையும் வெயிலில். 'ஓடு மச்சான்' என்றார் மாமா. அறுபத்திரண்டு வயதும் எழுபது வயதும் மேற்கட்டியோடு மணலில் ஓடியதைச் சனம் கண்டது, ஆர் எந்தத் தடி என்று பார்க்க நேரமில்லை, கையில் பட்டதைப் பிடித்தோம். பிறகு வீட்டில் இருந்து யோசித்தால் நான் முன்தடியில் வந்தேனோ பின்தடியில் வந்தேனோ என்று ஞாபகமில்லை. அம்மாவைக் கேட்டேன். தான் அதைப் பார்க்கவில்லை, ஆண்டவரைப் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னா.

ஆகையால் பிள்ளை, இந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே உள்ள பாதரிடம் போ. அவர் சொல்கிற திகதிக்கு ஹோல் இல்லாவிட்டால் வேறு ஹோல் பார், வீடியோக்காரன் கோபித்தால் கோபிக்கட்டும். றஜித் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. குளிருக்குக் காதை மூடு, அங்கே இப்போது வெயில் என்று அம்மா சொல்கிறா, எதற்கும் மூடு. ஆண்டவர் உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நடக்கட்டும், மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். இது கிடைத்ததும் எங்களுக்குப் போன் எடுக்க முதல் யாகப்பு மாமாவுக்கு எடு, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன் ஞானஸ்நானத்துக்கு வராத
அப்பா
எமிலியாம்பிள்ளை