கை வைக்க மறந்த சட்டை

பசியாவரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாலினிக்கு,

நைனா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை, போன மாதம் வாங்கிய ஆட்டுக்குட்டி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் ரூம் பெண்களும் அதேபோல் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது நைனாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் உன் அம்மா கைக்குப் போனால் சார்ஜ் தீர்ந்த பிறகுதான் என் கைக்கு வருகிறது. அதோடு இந்த விஷயத்தை அவள் சொன்னால் என்னைக் கோமாளி ஆக்கிவிடுவாள், ஆகவே முந்திக்கொண்டு நானே எழுதுகிறேன். நீ திருப்பூரில் பெரிய கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். உன் நைனாவும் இப்போது ஒரு டெய்லர்தான், தெரிந்துகொள்.

விஷயம் உன் தங்கை சத்யாவைப் பற்றியது. நீ பத்தாவது படிக்கும்போது பிறந்து, கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள் என்று உன்னை ஒரு வாரம் எங்களோடு பேசவிடாமல் செய்தவள் அல்லவா, வீட்டில் அவள் எவ்வளவு வாயாடி என்று உனக்குத் தெரியும். ஆனால் ஜூன் மாதம் பழவேற்காட்டுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் விட்டதிலிருந்து அந்த கேட்டுக்குள் போனால் வாயே திறப்பதில்லை. பெயரைக் கேட்டால் தரையைப் பார்க்கிறாளாம். தண்ணீர் வேண்டுமானாலும் கேட்கமாட்டாளாம். இப்படியே இருந்தால் டாக்டர் யாரிடமாவது காட்டுங்கள் என்று ஜெசிந்தா டீச்சரே வருத்தத்தோடு சொல்லியனுப்பினார். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நிற்பாய் என்று அம்மா உன்னிடம் இதை மறைத்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே. எனக்கோ தொழிலே ஓடவில்லை, ஏரியில் வலையை வீசிவிட்டு இழுக்க மறந்து படகில் உட்கார்ந்திருப்பேன். குப்பன் மாமா பக்கத்துப் படகிலிருந்து கத்தித்தான் எனக்கு நினைவு வரும். அப்படியிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பிள்ளைகளுக்கு முதல் தடவையாகப் பெயிண்ட் கொடுத்திருக்கிறார். நம் சத்யா இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டு அடித்திருக்கிறாள். அடித்தவள் டீச்சர் புடவையைப் பிடித்து இழுத்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்று கேட்டாளாம். அதுதான் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. டீச்சருக்கு ஒரே சந்தோஷம், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் கண்ணில் பட்டது யூனிஃபார்ம்தான். மூன்று சோப்புப் போட்டும் சிவப்பு போகவில்லை. இன்னொரு செட்டுதான் பாக்கி, மேலே போட ஒரு சட்டை இல்லாமல் இனிமேல் பெயிண்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். டீச்சரும் அடுத்த வெள்ளி எல்லோரும் மேலே போட ஏதாவது கொண்டுவரவேண்டும், கொண்டுவராதவர்கள் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சட்டை வேண்டும் என்று அம்மா சொன்னதுதான் உனக்குத் தெரியும், அதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. நீ ஷிப்மெண்ட் முடிந்ததும் தைத்து அனுப்புகிறேன், அதுவரை நைனாவின் பழைய சட்டையை முன்பின்னாகப் போட்டுவிடுங்கள் என்றாயாம். என்னிடம் இருப்பதே இரண்டு சட்டை, ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று சாவுக்கு. எதைக் கொடுப்பது? பச்சைக் கட்டம் போட்ட என் லுங்கியை எடுத்தேன். யோசித்துப் பார், லுங்கி ஏற்கெனவே சுற்றி மூட்டியிருக்கிறது, மேலே கழுத்துக்குச் சுருக்கினால் சட்டை முடிந்தது, இதற்குப் போய் ஒரு கம்பெனி, ஒரு மெஷின், ஒரு மேஸ்திரி! கோணி ஊசியில் நைலான் நூலைக் கோத்து மத்தியானம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வீச்சு வலைக்கு மேல்பக்கம் எப்படிச் சுருக்குவோமோ அப்படியே சுருக்கி, கழுத்துக்கு ஒரு கயிறும் விட்டேன். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். அந்த நேரம் பார்த்து குப்பன் மாமா வந்து உட்கார்ந்து தன் படகு இன்ஜின் புகைகிற கதையை ஆரம்பித்தார். நான் உம் கொட்டிக்கொண்டே கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, முடித்து, பெருமையாக சத்யாவைக் கூப்பிட்டுத் தலைவழியாக மாட்டிவிட்டேன். பிள்ளை அப்படியே மூட்டை மாதிரி நின்றாள். உள்ளே ஏதோ நெளிகிறது, வெளியே தலை மட்டும் இருக்கிறது. உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, கொழந்தைக்குக் கை எங்க?" என்றாள். வலைக்கு ஏது கை? நான் மறந்தே போனேன். குப்பன் மாமா சிரித்த சிரிப்பில் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

கத்திரியால் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கையை வெளியே எடுத்தோம். சத்யா ஒரு சுற்றுச் சுற்றினாள். கிலுகிலு என்று சத்தம். குனிந்து பார்த்தால், மாமாவின் இன்ஜின் கதையில் நான் லயித்திருந்தபோது கை தன்பாட்டுக்கு, வலை தண்ணீரில் அமிழ்வதற்காகக் கோக்கிற இரும்பு மணிகளைக் கீழ் ஓரம் முழுக்கக் கோத்து வைத்திருக்கிறது. உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சத்யாவைப்போல நாலு பேர் இருக்கலாம், அவ்வளவு தாராளம் வேறு. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா மணிகளையாவது வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தாள், என் முடிச்சு அவிழுமா? பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அழுவாளோ, பிள்ளைகள் கேலி செய்து அந்த ஒரு பேச்சும் நின்றுபோகுமோ என்று பயந்து, தொழிலுக்குப் போகாமல், ஆயில் வாங்கப் போகிறவன்போல அவள் பின்னாலேயே போய்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டேன்.

டீச்சர் பிள்ளைகளை வெளியே பூவரச மரத்தடியில் உட்காரவைத்துத் தாளும் பெயிண்டும் கொடுத்தார். சத்யா ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு. இரண்டு பையன்கள் அவள் மணியைக் காட்டிச் சிரித்தார்கள், எனக்கு உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது. அப்போது பார், ஏரிப்பக்கமிருந்து கொண்டல் காற்று ஒன்று கிளம்பியது. எல்லாப் பிள்ளைகளும் போட்டிருந்த அப்பன் சட்டை பாய்போல உப்பி முகத்தில் ஏறிவிட்டது. தாளெல்லாம் பறக்கிறது. நீலம் அடித்த தாள் ஒன்று நேராகப் போய் டீச்சர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, அவரே சிரித்துவிட்டார். நம் சத்யா மட்டும் அசையவில்லை. லுங்கி அவளைச் சுற்றி வீசிய வலைபோல வட்டமாக விரிந்து, மணியோடு மண்ணில் பதிந்து கிடந்தது, அவள் தாளும் அதற்கடியில் பத்திரம். ஒரு பெண் ஓடிவந்து தன் தாளை அந்த ஓரத்துக்கடியில் சொருகினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு அந்தச் சிரித்த பையன்களும். ஐந்து நிமிஷத்தில் மொத்த வகுப்பும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அடுத்த காற்று வந்ததும் உன் தங்கை தலையை நிமிர்த்தினாள், அப்படியே நான் படகில் கத்துகிற குரல்: "டேய், வுட்டுடாத, மணிய அமுக்கு! இன்னாடா வேடிக்க பாக்குற, அந்தப் பக்கம் புடி!" சுவருக்கு வெளியே நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது, வாட்ச்மேன் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

உன் பார்சல் நேற்று வந்தது. தையல் என்றால் அது தையல், கண் பட்டுவிடும். இரண்டு கையும் இருக்கிறது, பாக்கெட்கூட இருக்கிறது. சத்யா போட்டுப் பார்த்துவிட்டு, அக்கா சட்டை சத்தமே போடவில்லை என்று சொல்லி மணியைக் கோக்கச் சொல்லி என்னிடமே கொண்டுவந்துவிட்டாள், வருத்தப்படாதே. இந்த வாரம் டீச்சர் மறுபடி சொல்லியனுப்பி என்னைக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். உங்கள் பெண் பாடம் நடத்தவே விடுவதில்லை, இடம் மாற்றி உட்காரவைத்தால் அங்கேயும் பேச்சு, வீட்டில் கொஞ்சம் சொல்லிவையுங்கள் என்று புகார் சொன்னார். அந்தப் புகாரை நான் வரும் வழியெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன், டீக்கடையில் நாலு பேருக்கு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

நீ ஓவர்டைம் என்று காலைச் சாப்பாட்டை விடாதே. ரோட்டைத் தாண்டும்போது காதில் பாட்டுக் கேட்காதே. நெத்திலிக் கருவாடு அங்கே வருகிற சீனிவாசன் மகன் மூலம் அனுப்பியிருக்கிறேன், ரூமில் வறுத்தால் ஜன்னலைத் திறந்து வை. பொங்கலுக்கு லீவு இப்போதே சொல்லிவைக்கவேண்டும், மறந்துவிடாதே. அம்மன் உனக்கு எல்லா நலமும் தரட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் சத்யா என் தோளில் தொங்கிக்கொண்டு, அதை எழுது, இதை எழுது என்று வாயை மூடாமல் பேசுகிறாள். கொஞ்சம் சும்மா இரு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆகவே பேனாவை மூடுகிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
மூர்த்தி