திருவிடந்தையில் ஜெயந்த் சொன்னது

செங்கல்பட்டு
27-8-2006

சௌபாக்கியவதி சுப்ரஜாவுக்கு அம்மாவின் அநேக ஆசிகள்.

இங்கே அப்பா, நான், உன் தம்பி ஜெயந்த் மூவரும் சௌக்கியம். நாலைந்து வருஷமாக இந்த வரியை வாய்ப்பாடு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் நிஜமாக எழுதுகிறேன். மெல்போர்னில் குளிர் விட்டதா, நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் பேசலாம், ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா பேப்பரை மடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார், அதனால்தான் கடிதம். டிசம்பரில் நீ இங்கே பள்ளிக்கூடப் பெற்றோர்களுக்கு வளரும் பிள்ளைகளின் மனநலம் பற்றிய உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது, பதினேழு வயசில் போதைக்குப் போய் மீண்ட பையன் என்று ஜெயந்த்தின் கதையைச் சொல்லலாமா, பெயரை மாற்றிவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அப்பா கூடவே கூடாது என்றார். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறோமே, தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அவருக்குக் கவலை. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

வரலட்சுமி அத்தை வேறு, ஒரு கால்கட்டுப் போட்டால் பையன் தானாக நிலைக்கு வருவான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிங்கப்பெருமாள் கோயில் வரதன் என்பவரின் மூத்த பெண் ஜாதகம் பொருந்தியது. போன ஞாயிறு திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தி, அங்கேயே பெண்ணையும் பார்த்துவிடுவதாக ஏற்பாடு. மாமல்லபுரத்தில் பஸ் நின்றதும் எனக்கு உங்கள் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. லீவு நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு வருவோமே, வெண்ணெய் உருண்டைப் பாறையை ஜெயந்த் முதுகு கொடுத்துத் தள்ளுவான், உருண்டால் கீழே மேயும் ஆடு என்ன ஆகும் என்று நீ அழுவாய். திரும்பும்போது கடலில் நனைந்த டிராயரோடு திருக்கழுக்குன்றம் வரை என் மடியில் தூங்குவான், புடவையெல்லாம் மணலும் உப்புமாக இருக்கும். அதே கடற்கரைக்குத்தான் பிளஸ் டூ படிக்கும்போது சிநேகிதர்களோடு போய்க் கஞ்சா பழகிக்கொண்டு வந்தான். ஆனாலும் அந்த ஞாயிறுகள் ஒரு தடவை திரும்பி வராதா என்று மனசு ஏங்கிற்று.

கோயிலில், கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்கிறவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, அர்ச்சகர் பெருமாளின் மாலையை ஜெயந்த் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று சுற்றச் சொன்னார். இரண்டாவது சுற்றில் என்னிடம் வந்து நின்று, அவாகிட்ட சொல்லியாச்சாம்மா என்றான். கல்யாணம் ஆகட்டும்டா என்றேன். மாலையோடு நேரே வரதனிடம் போய், மாமா, நான் நாலு வருஷம் கஞ்சாவும் இருமல் மருந்துமா கெடந்தேன், பெங்களூர்ல படிக்கல, ஆஸ்பத்திரில இருந்தேன், இப்ப ஒன்றரை வருஷமா தொடறதில்ல, தெரிஞ்சு பொண்ணக் குடுங்கோ, இல்லேன்னா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிச்சச் சுற்றை முடிக்கப் போய்விட்டான். வரதன், யோசிச்சுச் சொல்றோம் என்று பிரசாதம்கூட வாங்காமல் பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பிள்ளை வளர்த்த லட்சணமா இது என்று அத்தை வழி முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. என் பழைய ஜெயந்த் அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தான்.

நேற்று வரதன் போன் செய்தார். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இளையவள் ரக்ஷா பதினொன்றாம் வகுப்பாம், மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல், சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம், கேட்கிறவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். உன் கூட்டத்தைப் பற்றி ஜாதகம் பார்த்தபோதே அத்தை அவரிடம் சொல்லியிருந்தாளாம், உங்க பொண்ணு எப்ப வரா, கூட்டத்துக்குப் பேர் சொல்லாம வரலாமா என்று கேட்டார். தாராளமாக வாருங்கள், எங்கள் பேரை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்றேன். பக்கத்திலேயே இருந்த அப்பா, வரதனின் நம்பரைப் பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஜெயந்த்திடம் கேட்டதற்கு, பேரை மாத்தினா அது என் கதையே இல்லம்மா என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள், ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். பெருமாள் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார். வரதனின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, அந்தக் குழந்தை டிசம்பர் வரை காத்திருக்கக் கூடாது, கடிதம் கிடைத்த அன்றே பேசி இங்கே எந்த டாக்டரிடம் போகலாம் என்று சொல்லு. கூட்டத்தில் ஜெயந்த் என்றே சொல்லு, அவன் அம்மா வத்சலா என்றும் சொல்லு, நான் எழுந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வத்சலா கஸ்தூரிரங்கன்