ஆடி வெள்ளியில் வந்த விருந்தாளி

அக்கா,

இன்று காலை கடையில் கொத்தமல்லிக் கட்டு என்று நினைத்து வேறொன்றை எடுத்துவிட்டேன். மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, அது டில் கீரை. சோம்பையும் ஈரப் புல்லையும் சேர்த்துக் கசக்கியதைப் போன்ற வாசனை. உங்கள் வீட்டுக் கதவு திறந்ததும் முகத்தில் வந்து மோதுமே, அதே வாசனை. தள்ளுவண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்று அழுதேன். கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்து, “ஆர் யூ ஓகே?” என்றாள். தலையை ஆட்டினேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்களிடம் திருத்திச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

தொண்ணூற்றாறின் பனிக்காலம் நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டையிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து நான் மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இவர் விடியும் முன்பே பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் வேலைக்குப் போய்விடுவார். அன்று துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சாவி உள்ளே. நைட்டியும் ரப்பர் செருப்பும் இவருடைய ஸ்வெட்டருமாக, ஈரத்துணிக் கூடையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நீங்கள் திறந்தீர்கள். இங்கே இப்படித்தான் என்று இவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி, சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். நீங்கள் கையைக் கொடுக்கவில்லை. இரண்டடி பின்னால் போனீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“உள்ள வா. முதல்ல உள்ள வா. அப்புறம் ஹலோ,” என்றீர்கள்.

வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு கை குலுக்கினால் சண்டை வரும் என்பது ரஷ்யாவில் உங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஊரிலும் நிலைப்படி மேல் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார்கள் என்று சொன்னேன். கண்ணை விரித்துக்கொண்டு கேட்டீர்கள். அன்றைக்கு நம் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனாலும் உங்கள் பேச்சு என் நினைவில் தமிழாகவே தங்கிவிட்டது; அப்படியே எழுதுகிறேன்.

வாசலோரம் ஒரு கூடை நிறைய விருந்தாளிகளுக்கான செருப்புகள். அதில் சிவப்புக் கம்பளிச் செருப்பு ஒன்றை எடுத்து என் காலடியில் வைத்தீர்கள். “டீ மட்டும்,” என்றீர்கள். டீ மட்டும் வரவில்லை. கறுப்பு ரொட்டி, மீன், இறைச்சித் துண்டுகள், முட்டை, ஊறுகாய் என்று மேஜையில் கை வைக்க இடமில்லாமல் போயிற்று. நான் ரொட்டியை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தேன். சைவம் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

“டாக்டர் சொன்னாரா?”

“இல்ல. பிறந்ததிலேருந்தே.”

“பிறந்ததிலேருந்தேவா!” நெஞ்சில் கை வைத்துக்கொண்டீர்கள். பிறகு எழுந்து, பரப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து உள்ளே வைத்தீர்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து, டில்லை நறுக்கித் தூவி, தயிர் மாதிரி ஏதோ ஒன்றை மேலே ஊற்றிக் கொண்டுவந்தீர்கள். எனக்காக நீங்களும் அதையே சாப்பிட்டீர்கள். அடுத்த வாரம் போனபோது அடுப்பில் புது வாணலி ஒன்று இருந்தது. “இது உன்னுது. இதுல எப்பவும் இறைச்சி போடமாட்டேன். போரிஸுக்கும் சொல்லிட்டேன்.” போரிஸ், உங்கள் கணவர், கதவருகே நின்று தலையை ஆட்டினார். லெனின்கிராடில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அங்கே பாலங்களுக்கு வரைபடம் போட்டவர், இங்கே ஒரு அலுவலகக் கேன்டீனில் மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றி நீங்கள் புலம்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை. விருந்தாளி யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் புலம்புவீர்கள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் நீங்கள். ஆன்ட்டி என்றதும் கோபம் வந்தது. அக்கா என்று சொல்லிக்கொடுத்தேன். ‘க்’கை அழுத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது நல்லா இருக்கு,” என்றீர்கள். உங்கள் மொழியில் விருந்தோம்பலுக்கே ரொட்டியையும் உப்பையும் சேர்த்த ஒரு சொல்தான் என்று அன்றுதான் சொன்னீர்கள். என் வீட்டுக்கு வரும்போது ஒருமுறைகூட வெறுங்கையோடு வந்ததில்லை. சர்க்கரை கடன் கேட்க வந்தபோதும் கையில் ஒரு ஆப்பிள் இருந்தது.

அடுத்த வருடம் எனக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்தது. இவர் இரண்டு நாள் லீவு போட்டார். அதற்கு மேல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நீங்கள் வந்தீர்கள். என் அலமாரியைத் திறந்து, என் தட்டுகளை எடுத்து, என் மேஜையில் விரிப்புப் போட்டு, நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தீர்கள். “இன்னிக்கு நீ விருந்தாளி. உன் வீட்டுலயே. விருந்தாளி பாத்திரம் கழுவமாட்டா, அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க.” பதினோரு நாள் அப்படி வந்தீர்கள். ஏன் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் அத்தை, என் மாமியார், ஆறு மாதம் தங்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். வெங்காயம்கூடச் சேர்க்காத நாட்கள் அவர்களுக்கு உண்டு. தினமும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே உங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்தேன். இவரிடம் கேட்டேன். “நீயே டிசைட் பண்ணு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்,” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று ஆடி வெள்ளி. அத்தை விளக்கேற்றிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு தட்டும் சத்தம். திறந்தால் நீங்கள், நீல உடையில், தலையைச் சீவி முடிந்து, கையில் துணி மூடிய தட்டோடு. கேன்டீனுக்குப் போகிற நேரத்தில் ஏன் இப்படி உடுத்தியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“கெஸ்ட் இருக்காங்க,” என்றேன் மெதுவாக.

உங்கள் முகம் மலர்ந்தது. “நல்லது! அவங்களுக்கும் சேர்த்துத்தான்,” என்று சொல்லி, படி மேல் நின்று கொடுக்கக் கூடாது என்பதற்காக வலது காலை உள்ளே எடுத்து வைத்தீர்கள். என் கை எழுந்தது. யோசித்து எழுந்த கை இல்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்து உங்கள் முன்னால் குறுக்கே நின்றது.

நீங்கள் அந்தக் கையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். காலைப் பின்னால் எடுத்தீர்கள். குனிந்து தட்டைத் தரையில் வைத்துவிட்டு, “நாளைக்கு,” என்று சொல்லித் திரும்பிப் போனீர்கள். எதிர்க் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“யாரும்மா அது?” என்று உள்ளிருந்து அத்தை கேட்டார்கள்.

“தபால்காரர்,” என்றேன்.

தட்டில் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகள். என் வாணலியில் செய்தவையாகத்தான் இருக்கும். இன்னும் சூடாக இருந்தன. அத்தை பார்ப்பதற்குள் அவற்றைப் பையில் கொட்டி, வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் தட்டைக் கழுவி உங்கள் கதவோரம் வைத்தேன். வெறும் தட்டாகத்தான் வைத்தேன்.

மறுநாள் நான் வரவில்லை. வெட்கம். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உங்கள் கார் காலையில் போவதும் மத்தியானம் வருவதும் ஜன்னலில் தெரியும். அது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கார் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வாசலில் லாரி நின்றது. போரிஸ் வந்து கதவைத் தட்டினார். “பிரயாணம் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒரு நிமிஷம் சேர்ந்து உட்காரணும். உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னா.” அவர் பின்னால் ஓடி வந்தேன். காலியான வீட்டில் உட்கார மூன்று அட்டைப்பெட்டிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் நீங்கள். தலையில் துணி கட்டியிருந்தீர்கள். புருவம் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் பேசக் கூடாத நிமிடம் அது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுந்து, “சரி, கடவுளோட போவோம்,” என்றீர்கள்.

படியில் இறங்கும்போது போரிஸ்தான் சொன்னார், அந்த வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் பரிசோதனை முடிவைச் சொல்லிவிட்டார் என்று. நீங்கள் நேராக வீட்டுக்கு வந்து, மாவு பிசைந்து, நல்ல உடை உடுத்தி, என்னிடம் சொல்ல வந்திருக்கிறீர்கள்.

“அக்கா, அன்னிக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு உன் வீட்டுல விருந்தாளி இருந்தாங்க,” என்றீர்கள் நீங்கள். “விருந்தாளிதான் முதல்ல. அவங்களுக்காகச் செஞ்சே. எனக்குத் தெரியும்.” என் கன்னத்தைத் தட்டிவிட்டு லாரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். போரிஸின் தங்கை இருந்த புரூக்ளினுக்குப் போனீர்கள். போனில் நாலைந்து முறை பேசினோம். வருகிறேன், வருகிறேன் என்றேன். அடுத்த வசந்தத்தில் போரிஸ்தான் பேசினார்.

நாற்பதாம் நாள் நினைவு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தனியாக ரயிலேறி வந்தேன். மேஜையில் உங்கள் இடத்தைக் காலியாக விட்டு, ஒரு கோப்பையை நிரப்பி, அதன்மேல் ஒரு துண்டு ரொட்டி வைத்திருந்தார்கள். யாரும் கோப்பையோடு கோப்பையை இடிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து, அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். “வீட்டுல மாமியார் இருந்தாங்க. அவங்க ரொம்ப ஆசாரம். அதனால உள்ள விட முடியல,” என்றேன். போரிஸ் அதை ரஷ்ய மொழியில் சொன்னார். இங்கிலீஷ் தெரியாத அவருடைய தங்கை எழுந்து வந்து, என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, என் தட்டில் இரண்டு அப்பம் வைத்தார். முட்டை போட்டிருக்குமா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

போன மாதம் அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ரஷ்யாக்காரம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். இறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அன்று வந்தது தபால்காரர் இல்லை, நீங்கள்தான் என்பதையும் சொன்னேன்.

“அவ குரல் எனக்குக் கேட்டுதும்மா,” என்றார்கள் அத்தை. “பொம்பளைக் குரல்தான்னு தெரியும். இந்த ஊருல வாசல்லயே பேசி அனுப்பிருவாவ போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆடி வெள்ளியும் அதுவுமா வீடு தேடி வந்தவளுக்குக் குங்குமம் குடுக்காமலா அனுப்புவாவ? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பொங்கல் வச்சிருப்பேனே.”

அக்கா, அன்று அத்தை எதுவும் சொல்லவில்லை. சொல்லுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் மன்னித்தது அவர்களை முன்னிட்டு. உங்கள் நாத்தனார் அணைத்துக்கொண்டதும் அவர்களை முன்னிட்டு. இத்தனை நாள் அந்தக் கையை எழுப்பியது வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டு என்னால் தூங்க முடிந்தது. இனி அது முடியாது. அது என் பயம், என் கை. அதை இறக்கிவைக்க எனக்கு இடமில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் கொண்டுவந்திருப்பேன். நீங்களும் கதவைத் திறந்து, முதலில் என்னை உட்காரச் சொல்லியிருப்பீர்கள்.