நீ இடித்த குளியலறை

மழை விட்டதும் இன்று காலை கீழ் அறைக் கதவைத் திறந்தேன். ஊறிய சுவரும் நனைந்த துணியும் கலந்த அந்தப் பழைய வாடை முகத்தில் அடித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அலுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. உன்னிடம் சொல்லலாம் என்று உன் வீட்டுப் பக்கம் திரும்பினேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

வேப்பம்பட்டில் நம் இரண்டு மனையுமே பள்ளம். நீ மண் கொட்டி மேடாக்கிக்கொண்டாய். நான்தான் பள்ளத்தை வீணாக்குவானேன் என்று தரைக்குக் கீழே ஓர் அறை கட்டினேன். அதில் என் மனைவி நான்கு தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். காக்களூர் கம்பெனியில் என்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த அறையால்தான்.

அந்த வருட மழையில்தான் சுவரும் தரையும் சேரும் இடத்தில் கசிவு தொடங்கியது. தைத்து அடுக்கிய சட்டைகளில் பழுப்புக் கறை. கடையில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்கி உள்பக்கம் இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. உன்னைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய்.

“தண்ணி வெளிய நின்னுக்கினு தள்ளுது மச்சான். நீ உள்ள பூசிக்கினே இருந்தா இன்னா ஆவும்? வெளிய தோண்டி, சுவத்துக்கு அந்தாண்ட பூசணும்.”

“வேற வழி இல்லையா?” என்றேன்.

கசிந்த சுவரை ஒட்டி வெளியே இருந்தது உன் குளியலறை. மூட்டுவலிக்கார மனைவி பின்கட்டுவரை நடக்க வேண்டாம் என்று நீ கட்டியது. டைல்ஸ் பதித்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலை உன் பக்கம் சம்மட்டிச் சத்தம். ஓடி வந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தாய். உன் மனைவி அடுப்படி வாசலில் நின்று அழுதாள்.

“இன்னாடா பண்ற?”

“பாத்ரூம் திரும்பக் கட்டிக்கலாம். தங்கச்சி தைக்க வேணாமா? போய் மம்புட்டி எடுத்துக்கினு வா.”

ஆள் உயரம் தோண்டினோம். சரிந்த மண்ணை மறுபடி அள்ளினோம். சுவரைத் தேய்த்து, ஓட்டைகளை அடைத்து, இரண்டு கோட்டிங் அடித்து, தார் ஷீட் ஒட்டி, ஜல்லி போட்டு மூடினோம். நீ குளியலறையை மறுபடி கட்டி முடிக்கும்வரை உன் மனைவி எங்கள் வீட்டுப் படியேறி வந்து குளித்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த இரண்டு மழைக்கு அறை காய்ந்தே கிடந்தது. அப்புறம் ஒருநாள், கம்பெனி பஸ்ஸில் சாய்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பூச்சு உதிர்ந்தபோதே கடைக்காரர் சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டுக் குளியலறையை எடுக்காமல் இது நிற்காது என்று. தெரிந்துதான் உன்னைக் கூட்டிவந்தேன். கேட்க வாய் வரவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன்.

இன்று கோட்டிங் அடிக்கிறவர் வந்து பார்த்தார். மறுபடியும் அதே பக்கம்தான் தோண்ட வேண்டுமாம். உன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள். “இடிக்கணும்னா சொல்லுங்கண்ணா. உங்க ஊட்ல குளிச்சிக்கறேன்.”

தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அவருக்குத் தெரியும்ணா. கடைக்காரரு அவராண்டயும் சொன்னாரு. ‘அவன் வாயத் தொறந்து கேக்கற மாதிரி வெக்கக் கூடாது’ன்னுதான் சம்மட்டியத் தூக்கினாரு. என்னை ஒரு வார்த்த கேக்கலியேன்னுதான் நான் அழுதேன். கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்.”

மத்தியானம் என் மனைவியிடம், “கீழ் ரூமை மூடிடலாமா?” என்று கேட்டேன்.

“மூடுங்க. ஹால்ல வெளிச்சத்துல உக்காந்து தைக்கறேன். அந்தக் குழிக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. நீங்க கட்டினதாச்சேன்னு சொல்லல,” என்றாள்.

நாளைக்கு லாரியில் மண் வருகிறது. குழியை மூடிவிடலாம். உன்னிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் தெரியவில்லை.