கிலோமீட்டரா, நடையா?

அன்புள்ள பெரியநாயகிக்கு,

டில்லியில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஓய்வுபெற்ற புள்ளியியல் வாத்தியாரை இந்த விமானப் பாதுகாப்பு அலுவலகத்தார் ஏன் அழைத்தார்கள் என்று எனக்கே சந்தேகம்தான். நேற்று அது கொஞ்சம் தீர்ந்தது.

விமான நிறுவனங்களின் பாதுகாப்பை ஒப்பிட, பறந்த கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து என்று கணக்கெடுத்திருந்தார்கள். பக்கத்து ஊர்களுக்கே பறக்கும் ஒரு சின்ன நிறுவனம் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. அறிக்கை வெளிவந்தால் அதில் யாரும் ஏறமாட்டார்கள். ஆனால் விபத்துகளில் பெரும்பாலானவை விமானம் மேலே ஏறும்போதும் தரை இறங்கும்போதும்தான் நடக்கின்றன. பக்கத்து ஊருக்குப் பறந்தாலும் தூர தேசத்துக்குப் பறந்தாலும் அது ஒரு தடவைதானே.

இரண்டு நாள் வாய் திறக்கப் பயந்தேன். நேற்றுக் கூட்டத்தில் எழுந்தவன், பதற்றத்தில் ஆங்கிலம் மறந்து, நம் ஊர் லாரிக்காரர்போல், "கிலோமீட்டர் வேண்டாங்க, எத்தனை நடைன்னு பாருங்க" என்றுவிட்டேன்.

எல்லோரும் விழித்தார்கள். உடன் வேலை செய்யும் திருச்செங்கோட்டுப் பெண் அகல்யாதான் சிரித்தாள். "ஏனுங்க சார், இவங்களுக்கு டிரிப்புன்னு சொன்னாத்தானுங்க புரியும்!" என்று அவளே விளக்கினாள்.

அப்படிக் கணக்கிட்டதும் சின்ன நிறுவனம் பெரியவற்றுக்குச் சமமாக வந்தது. ஏழு முறை சரிபார்த்தேன். அறிக்கையை மாற்றிவிட்டார்கள்.

தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. பருப்புப்பொடியைத் தபாலில் அனுப்பாமல் நீயே கொண்டு வா. பயப்படாமல் விமானத்தில் வரலாம், கணக்கு நான் போட்டது. ஆனாலும் இறங்கிய உடனே போன் செய்.

அலுவலக வண்டி வந்துவிட்டது.

உன்,
சுவாமிநாதன்