தக்கை என்று நினைத்த மூடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கச் சொல்லி அப்பா என்னைப் பழக்கியிருக்கிறார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதமெல்லாம் அப்படித்தானே வரும். இது அவர் சொல்லி எழுதுவது இல்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ராத்திரி வேலைக்குப் போயிருக்கிறாள், அப்பா கூடத்தில் தூங்குகிறார், நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். கட்டில் கிரீச்சிட்டால் பேனா நின்றுவிடுகிறது, அங்கங்கே மை ஊறியிருந்தால் திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா துணி சுற்றி வைத்திருக்கிறார். எனக்கு மாதப் பரீட்சை முடிந்தது, அறிவியல் சுமார்தான். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு எங்கே வாய் வரும்.

இந்த முறை சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் அப்பாவுக்கு லீவு கிடைத்தது, அம்மா வீட்டில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு மீன் பிடிக்கப் போனார். சனிக்கிழமை பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பாய். அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் பாறைகளில் உட்கார இடம் பிடிப்பதற்கே சண்டை. பக்கத்தில் இருந்தவர் தூண்டிலை வீசும்போதெல்லாம் எங்கள் நைலான் நரம்போடு சிக்கிக்கொண்டது, சிக்கெடுத்து முடித்தால் முள் போய்ப் பாறை இடுக்கில் மாட்டி அறுந்தது. பாசி வந்தது, ஒரு பழைய கையுறை வந்தது, மீன் மட்டும் வரவில்லை. “இன்னொண்ணு வந்தா ஜோடியாயிடும், உங்கம்மாவுக்குக் குடுத்துடலாம்” என்றார் அப்பா. அறுந்த ஒவ்வொரு முறையும் புது முள்ளை என்னிடம்தான் நீட்டினார். “வயசானா கிட்டத்துல தெரியாதும்மா, அது எல்லாருக்கும் உள்ளதுதான். தூரத்துல கேளு, நான் பருந்து” என்றார். நானும் நம்பி, முள்ளின் காதில் நரம்பைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, கிடங்குகளுக்குப் பின்னால், தண்ணீர் அசையாமல் கிடக்கும் பக்கம் போனோம். அங்கே விசில் மாமாவும் வந்திருந்தார். நீ போன பிறகு அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தவர், எப்போதும் உதட்டில் ஏதாவது ஒரு பாட்டு விசிலாக ஓடிக்கொண்டிருக்கும். அப்பா மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பார், இவர் கீழே நின்று கையைக் காட்டுவார், அந்தக் கையைப் பார்த்துத்தான் அப்பா பெட்டியை இறக்குவார். நான் இரை வாங்கப் போய்விட்டு வந்தபோது அப்பா கம்பைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தம் போடாத, தக்கை லேசா ஆடுது” என்றார். நான் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரோரம் மிதந்த ஏதோ ஒரு டப்பாவின் மூடி. அதுவும் எங்கள் தக்கை மாதிரியே ஆரஞ்சு நிறம். எங்கள் தக்கை வேறு பக்கம் கிடந்தது, நான் பார்க்கும்போதே அது முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. அப்பா கம்பை அசைக்கவே இல்லை. மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயேவிட்டது. விசில் மாமா பார்த்துவிட்டு, “என்னண்ணே, அந்த மூடியை வறுக்கப் போறீங்களா, கொழம்பு வைக்கப் போறீங்களா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், “உன் கண்ணு பட்டுத்தான்டா மீனே வரல” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா. அந்த மூடி ஒன்றும் கிட்டத்தில் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். எத்தனை நாளாகப்பா என்று கேட்டேன். “புகை மூட்டம் மாதிரி இருக்கும்மா, ஒரு நாள் நல்லா தெரியும், ஒரு நாள் தெரியாது. அம்மாகிட்ட சொல்லிடாத. ஒரு தடவை இறக்கிவிட்டா திரும்ப ஏத்த மாட்டாங்க, கீழ நின்னு நான் என்ன பண்ணுவேன்?” என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன், இது ஏமாற்று வேலை என்று எனக்கே தெரிகிறது. உனக்கு அவர் கடைசியாகத் தன் கையால் எழுதியது எப்போது என்று யோசித்துப் பார். கை வலிக்கிறது, நீ எழுது என்று சொன்னபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

விசில் மாமா அப்படிச் சிரித்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் அதே மனிதர் பெட்டிக்கு அடியில் நின்று கையைக் காட்டுவார். அவருடைய குழந்தை இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. அம்மாவிடம் சொன்னால் அப்பா என் முகத்தையே பார்க்க மாட்டார், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீ சொன்னால் அப்பா கேட்பார். ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவர் எத்தனை நாள் ஏறி இறங்கியிருப்பார், இதை எழுதும்போதுதான் அது எனக்கு

அண்ணா, மேலே பாதியில் நிற்கும் வரியை அப்படியே விட்டிருக்கிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிட்டார். காகிதத்தை மறைக்க எனக்கு நேரமில்லை. “கணக்கா? காலையில போடேன்மா” என்றார். என் பக்கத்தில்தான் நின்றார், விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவருடைய பெயர் கெடும்படி நான் எழுதியதெல்லாம் அவர் கண்ணெதிரே கிடந்தது. ஆமாம்ப்பா, கணக்குதான் என்று சொல்லியிருந்தால் போய்ப் படுத்திருப்பார். சொல்ல வாய் வரவில்லை. முதல் வரியிலிருந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். முடித்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் அழுதேன். “நான் நாளைக்கு மேல ஏறலன்னு எழுது” என்றார். பிறகு, “எழுதிட்டியா? எங்க, படி” என்றார். படித்தேன். “முதல்ல கீழ நின்னு கை காட்டுறவன்கிட்டதான் சொல்லணும், அப்புறம்தான் மேஸ்திரிகிட்ட. அம்மா வந்ததும் நானே சொல்றேன், நீ குறுக்க வராத” என்றார். கண் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.

இனி உள்ளது அப்பா சொல்வது. ஈரத்தலையோடு படுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. என்னைப் பற்றிக் கவலைப்பட்டு லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு உன் தங்கை எழுதுவாள். உன் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடு, இதில் சோம்பல் வேண்டாம். நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

கையெழுத்தை மட்டும் தானே போடுவதாகச் சொல்கிறார். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டியிருக்கிறேன், எழுத்து மேலே உள்ள வரியில் ஏறியிருந்தாலும் அது அவர் போட்டதுதான்.

இப்படிக்கு,
அப்பா