நகராத ஒரு புள்ளி

12 மே 1984, சனி இரவு

அப்பா தூங்கிவிட்டார். அம்மா இன்னும் புரண்டு படுக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நாளைக் காலையில் வாசுதேவநல்லூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். என்னைப் பிளஸ் ஒன்னில் சேர்ப்பதைப் பற்றி அப்பா பேச்சே எடுக்கவில்லை.

மெட்ராஸில் ஆராய்ச்சி செய்யும் அண்ணன் லீவுக்கு வந்திருக்கிறான். சாயங்காலம் ஒரு நீளமான தாளை விரித்தான். ஆதி காலத்து மனிதர்கள் விவசாயத்தோடு ஊர் ஊராகப் பரவியதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறானாம். தாள் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள்.

"இதுல பொம்பளப் பிள்ளைங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு வயசானா பக்கத்து ஊருக்குக் கட்டிக்குடுத்துரும். அவங்க கூடவே விதையும் வெள்ளாமையும் போவும். கம்ப்யூட்டருக்கு அதான் சட்டம்."

"சட்டத்த யாரு போட்டா?"

"நான்தாம்ட்டி."

எனக்கும் பதினைந்துதான். அவனுக்கு அது நினைவில் இல்லை.

"ஒரே ஒருத்தி மட்டும் போகலைன்னா?"

அண்ணன் சிரித்தான். "ஒண்ணும் ஆகாது. ஒரு புள்ளி நகராது, அவ்வளவுதான். வெள்ளாமை பாட்டுக்குப் பரவிக்கிட்டுப் போவும்."

"இத அப்பாட்ட சொல்லுதியா, அண்ணே?"

சிரிப்பு நின்றுவிட்டது. தாளை மடித்தான். மடிப்பு சரியாக விழவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னிடம், "நாளைக்கு அவங்க முன்னால தலையக் குனிஞ்சு நில்லுட்டி" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.